ஒரு ஸ்டெப்கூட மாறக்கூடாது

கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு அடுத்தபடியாக அதிகம் திட்டு வாங்குவது சங்கீத்துக்கு டான்ஸ் சொல்லிக்கொடுக்கிற ஆள்தான். சமையல்காரருக்காவது பாயசம் நன்றாக இருந்தால் நாலு பேர் நல்ல வார்த்தை சொல்வார்கள். எங்களுக்கு அதுவும் கிடையாது. டான்ஸ் நன்றாக வந்தால் "எங்க பிள்ளைக்கு ரத்தத்துலயே இருக்கு" என்பார்கள். சொதப்பினால் மேடம் சரியில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சங்கீத் என்பது வடக்கத்திக் கல்யாணங்களில் முதல் நாள் சாயங்காலம் இரண்டு வீட்டுக்காரர்களும் மேடையேறி ஆடுகிற கூத்து. இப்போது டில்லித் தமிழர்களும் நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் இதை நுழைத்துவிட்டார்கள். நான் சரோஜினி நகர் க்வார்ட்டர்ஸில் வளர்ந்தவள், இப்போது துவாரகாவில் குடித்தனம். பெயர் மீனாட்சி, தொழிலில் மீனா மேடம். அத்தை, மாமா, சித்தப்பா, பெண்ணின் ஆபீஸ் தோழிகள் எல்லாரையும் பிடித்து நிறுத்தி ஆடவைப்பது என் பிழைப்பு.

ஆடவைப்பதில் எனக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறு. வீட்டுக்குள் காலை வைத்ததும், வாங்க, உட்காருங்க என்பதற்கு முன்னால் போனை நீட்டுகிறார்கள். அதில் ஒரு ரீல் ஓடும். யாரோ, யார் கல்யாணத்திலோ ஆடியது. "சேம் டு சேம் வேணும் மேடம்." அவ்வளவுதான் பேச்சு. ஜெராக்ஸ் கடைக்காரரிடம்கூட இதைவிட மரியாதையாகப் பேசுவார்கள். கேக் செய்கிறவர்கள், ப்ளவுஸ் தைக்கிறவர்கள், கல்யாண போட்டோ எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்கிறேன், உங்களுக்கும் இதே கதைதானே? வயிறு எரிகிறதா இல்லையா?

என் வீட்டுக்காரர் ஏர்போர்ட்டில் வேலை பார்க்கிறார். சமாதானம் சொல்வதும் அவருக்கு ஒரு வேலை. முன்னெல்லாம் நம் வீட்டுப் பெண்கள் மேடைப் பக்கமே போனதில்லை, இப்போது அறுபது வயசு மாமியும் ஆடுகிறாள், கலை வளர்ந்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்கிறார். ஆடுகிறார்கள், நான் மறுக்கவில்லை. எல்லாரும் ஒரே ஆட்டத்தை ஆடுகிறார்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

அதனால் இந்த சீசனில் ஒரு முடிவு எடுத்தேன். நானே யோசித்துப் பண்ணின டான்ஸ் ஒன்றாவது, ஒன்றே ஒன்றாவது, மேடையேற வேண்டும். எனக்குக் கல்யாணங்கள் பிடித்துத் தருகிற ஈவென்ட் மேனேஜர் குல்ஷன் பையாவிடம், அதாவது குல்ஷன் அண்ணனிடம், சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. சொந்தச் சரக்கையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கஸ்டமர் வீட்டில் ஏதாவது ஆனால் அடுத்த போன் உங்களுக்கு வராது என்று சொல்லிவிட்டார். ஆக, நான் எடுத்தது முடிவா வம்பா என்று எனக்கே தெரியவில்லை.

தடுக்கி விழும் பயிற்சி

ராஜோரி கார்டன் பக்கம் ஒரு வீடு. மாப்பிள்ளையின் தங்கை ஒரு ரீல் காட்டினாள். அதில் ஒரு பெண் ஆடிக்கொண்டே வந்து, லெஹங்கா பாவாடை காலில் மாட்டி, தொப்பென்று விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே சிரித்துக்கொண்டு எழுந்து ஆடுகிறாள். நிஜமாகவே விழுந்திருக்கிறாள், பாவம். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஊரே அதைப் பார்த்திருக்கிறது.

சரி, ஸ்டெப்பெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அழகாகப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது என்று பையைத் தூக்கினால், விழுகிற இடத்தை விட்டுவிட்டீர்களே என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா, அவள் தெரியாமல் விழுந்தாள், அது டான்ஸில் சேர்த்தி இல்லை என்றேன். கேட்டால்தானே! கீழே மெத்தை போட்டு, ஒன், டூ, த்ரீயில் எந்தக் கவுண்டில் தடுக்குவது, எந்தப் பக்கம் சரிவது, எழும்போது எவ்வளவு சிரிப்பது என்று மூன்று நாள் பழக்கினேன். வேண்டாம் கண்ணு, உனக்கென்று ஒரு சிரிப்பு இருக்கிறதே, அது நன்றாகத்தானே இருக்கிறது என்று கெஞ்சியும் பார்த்தேன். ஹிந்தியில் அவள் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன்.

"விழுறதுதான் மேடம் அதுல நேச்சுரலா இருக்கு, அதைத்தான் நல்லா பிராக்டிஸ் பண்ணணும்."

எங்கேயும் வராத டான்ஸ்

கிட்வாய் நகரில் ஒரு தமிழ்க் குடும்பம். பையனுக்குக் கல்யாணம். பையனின் சித்தி வசந்தா ஏதோ ஒரு மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீசர். ரீலைப் பார்த்து ஆடச்சொன்னால் விறைத்துக்கொண்டு டிராஃபிக் போலீஸ் போல நின்றார். கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். நானும் சலிக்காமல் ஒன், டூ, த்ரீ சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடுவில் டீ வந்தது. பாட்டை நிறுத்த மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வசந்தா மேடம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தோளை மட்டும் குலுக்கி, குதிகாலால் தாளம் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றினார் பாருங்கள்! ஒரு சொட்டு டீ சிந்தவில்லை. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படி ஒரு சுற்றை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். இதுதான் வேண்டும், இதை வைத்தே முழு டான்ஸும் பண்ணித்தருகிறேன் என்றேன்.

அந்த அம்மா முகம் வெளுத்துவிட்டது. ஏதோ தப்புக் காரியம் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி டம்ளரைக் கீழே வைத்தார். ஆபீசில் அத்தனை பேரை மிரட்டுகிற அம்மா, என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இந்த மாதிரி எந்த ரீல்லயும் வரலையே மேடம், அப்ப இது தப்பாத்தானே இருக்கும்?"

கம்ப்யூட்டர் மாஸ்டர்

குருகிராமில் வேலை பார்க்கிற ஒரு மாப்பிள்ளை. ரொம்ப மரியாதையான பையன். மேடம், நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம், டான்ஸை நானே கம்ப்யூட்டரில் பண்ணிவிட்டேன் என்று லேப்டாப்பைத் திறந்தான். அவன் முகம், அவன் வருங்கால மனைவி முகம், இரண்டையும் ஏதோ ஆப்பில் போட்டு ஆடவிட்டிருந்தான். ஆட்டமா அது! ஒரு இடத்தில் இடுப்புக்கு மேலே முன்பக்கம், இடுப்புக்குக் கீழே பின்பக்கம். பெண் சுற்றும்போது பாதம் மட்டும் சுற்றாமல் அங்கேயே நிற்கிறது. பார்த்த எனக்கு முழங்கால் வலித்தது.

தம்பி, மனுஷன் கால் இப்படித் திரும்பாது, வேண்டுமானால் உங்கள் இரண்டு பேருக்கும் பொருத்தமாக நான் ஒன்று யோசிக்கிறேன் என்றேன். நீங்கள் இரண்டு பேரும் எங்கே சந்தித்தீர்கள், எதற்குச் சண்டை போடுவீர்கள், சொன்னால் அதிலிருந்தே ஒரு டான்ஸ் எடுக்கலாம் என்றேன். அதெல்லாம் எதற்கு மேடம், இது ரெடியாகவே இருக்கிறதே என்றான். யோசிக்கிற வேலையை மிஷினுக்குக் கொடுத்துவிட்டு, மிஷின் சொன்னபடி காலை முறுக்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறான் படித்த பிள்ளை. அவனோ திரையைப் பார்த்துவிட்டு ஆலோசனை சொன்னான்.

"கால்தான் பிரச்சினைன்னா, கல்யாணத்துக்குள்ள ஃபிசியோதெரபி எடுத்துக்கறேன் மேடம்."

பக்கத்துப் பந்தல்

இது நடந்தது சத்தியம். என் தலையில் அடித்துச் சொல்கிறேன். சத்தர்பூர் பக்கம் மண்டபங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றுக்கொன்று ஒட்டின புல்வெளி, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பூ வளைவு. எங்கள் மாப்பிள்ளையின் பெரியப்பா கணேசன், நொய்டாவிலிருந்து வரவேண்டியவர், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். பெரியவர்கள் டான்ஸ் ஆரம்பித்துவிட்டது, இரண்டாவது வரிசையில் அவர் இடம் காலி. நான் பக்கவாட்டில் நின்று போன் மேல் போன் போடுகிறேன், எடுக்கவில்லை.

எப்படி எடுப்பார்? அவர் பக்கத்துப் பந்தல் மேடையில் ஆடிக்கொண்டிருக்கிறார்! ஓடி வந்தவர் காதில் நம் பாட்டு விழுந்திருக்கிறது, நம்முடையதுதான் என்று ஏறிவிட்டார். அங்கேயும் அதே பாட்டு, அதே ரீல், அதே ஸ்டெப், அதே கறுப்புக் கண்ணாடி. நான் சொல்லிக்கொடுத்தது ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்த வீட்டுக்காரர்களும் இவர் ஏதோ பெண் வீட்டு ஆள் என்று நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். கைதட்டல் வாங்கி, உருளைக்கிழங்கு ஆலு டிக்கி ஒரு தட்டு சாப்பிட்டு, போட்டோவுக்கு நிற்கும்போதுதான் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையும் தாடியும் இருப்பதைக் கவனித்திருக்கிறார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. யார் வீட்டுக் கல்யாணத்திலும் யாரும் ஏறி ஆடலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றால், நான் இத்தனை வருஷம் என்னதான் சொல்லிக்கொடுத்தேன்? பெரியப்பாவோ மூச்சு வாங்கிக்கொண்டு என்னைத் தேற்றினார்.

"ஸ்டெப் எல்லாம் கரெக்டாத்தான் ஆடினேன் மேடம், ஆளுங்கதான் மாறிட்டாங்க."

மங்கி கேப்

அதற்குப் பிறகு வந்தது நித்யா கல்யாணம். எங்கள் துவாரகாவிலேயே, இரண்டு அபார்ட்மென்ட் சொசைட்டி தள்ளி. அப்பா சங்கரன், மத்திய அரசாங்கத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பாதித் தமிழ், பாதி ஹிந்தி. மாப்பிள்ளை பஞ்சாபி. அந்தப் பக்கம் மொத்தக் குடும்பமும் தூக்கத்தில்கூட ஆடும். இந்தப் பக்கம் சங்கரன் சார். அப்பாவும் பெண்ணும் சேர்ந்து ஆடுகிற ரீல் ஒன்றைக் காட்டி, இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள் நித்யா.

சங்கரன் சாருக்கு வரவேயில்லை. காலை எண்ணினால் கை நின்றுவிடும். வியர்த்துக் கொட்டும். ஒரு நாள் என்னிடம் தனியாக வந்து, நான் ஆடவில்லை என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள், சம்பந்தி வீட்டார் முன்னால் அவளுக்கு என்னால் அவமானம் வேண்டாம் என்றார். கேட்டுக்கொண்டே உள்ளே வந்த நித்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷன் மேடையேறாவிட்டால் அந்தக் கல்யாணத்தில் எனக்கு என்ன வேலை?

ஜனவரி மாசம், வீட்டுக்குள்ளேயே பல் கிட்டியது. சார் தலையில் பழுப்பு நிற மங்கி கேப், அதாவது காது, கழுத்து எல்லாம் மூடி மூஞ்சி மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லாய். அப்பா, பிராக்டிஸ்லயாவது அதைக் கழட்டுங்க, ப்ளீஸ் என்றாள் பெண். அவள் அம்மா சிரித்துவிட்டார். சின்ன வயசில் இதே சண்டைதானாம். கிட்வாய் நகரில் காலைப் பனியில் ஸ்கூல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இவள் வேண்டுமென்றே கேப்பை சோபாவில் போட்டுவிட்டு ஓடுவாளாம். மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று வெட்கம். இவர் லுங்கியோடு கேப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் பின்னாலேயே ஓடுவாராம். பிடித்து மாட்டிவிட்டால், பஸ் திரும்பினதும் கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவாளாம்.

ரீலைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றேன். டோலக் சத்தமும் நடுவில் ஒரு பஸ் ஹாரனும் போதும். பெண் ஓடவேண்டும், அப்பா துரத்தவேண்டும், மேடை முழுக்க அவள் போக்குக் காட்டவேண்டும். கடைசியில் அவளே நின்று தலையைக் குனியவேண்டும், அவர் வெறுங்கையால் மாட்டுகிற மாதிரி காட்டவேண்டும். துரத்தச் சொன்னதும் சாருக்கு உடம்பில் எங்கிருந்தோ தாளம் வந்துவிட்டது. நித்யாதான் பயந்தாள், இதை யாருமே பண்ணினதில்லையே என்று. அதனால்தான் பண்ணுகிறோம் என்றேன். குல்ஷன் பையா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கைதட்டல் வராவிட்டால் நம் இருவருக்கும் இதுதான் கடைசி என்று ஞாபகப்படுத்தினார்.

சங்கீத் அன்றைக்கு சாயங்காலம் நல்ல குளிர். திறந்த புல்வெளி. நித்யா கை இல்லாத ப்ளவுஸ், பார்லரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கட்டின கொண்டை. ஓடினாள், இவர் துரத்தினார், பஞ்சாபிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் நின்று தலையைக் குனிந்தாள். அங்கே இவர் அப்படியே நின்றுவிட்டார். போச்சு, மறந்துவிட்டார். கையைக் காட்டினேன், பார்க்கவில்லை. பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஷெர்வானிப் பைக்குள் கையை விட்டு, மேடையேறும்போது கழற்றி வைத்திருந்த நிஜக் கேப்பை எடுத்து, அந்தக் கொண்டை மேலேயே இழுத்து மாட்டி, காதை மூடிவிட்டார். பார்லர்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். நித்யா கழற்றவில்லை. அதைப் போட்டுக்கொண்டே அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூட்டத்தில் ஒருத்தர் விடாமல் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், அதற்குப் பின்னால் கண்ணைத் துடைத்தும்கொண்டார்கள். நானும்தான்.

இறங்கி வந்த சங்கரன் சாரிடம், அந்தக் கடைசி யோசனை பிரமாதம் சார், எப்போது தோன்றியது என்று கேட்டேன். மனுஷன் கூச்சத்தில் நெளிந்தார்.

"மன்னிச்சுக்கோங்க மேடம், ஸ்டெப்பு மறந்துபோச்சு, பிள்ளை குளிர்ல நடுங்குதேன்னு போட்டுவிட்டுட்டேன்."

அதே மாதிரி ஒரிஜினல்

ஒரே வாரத்தில் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. குல்ஷன் பையா, நான்தானே மேடத்துக்குத் தைரியம் கொடுத்தேன் என்று சொல்லித் திரிகிறார். சொல்லட்டும். நான் தரையில் நடக்கவில்லை. இனிமேல் ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் கதையை எடுத்துவந்து கொடுப்பார்கள், எனக்கு யோசிக்கிற வேலை நிறைய இருக்கிறது என்று கனவு கண்டேன்.

அடுத்த போன் தெற்கு டில்லியில் ஒரு பெரிய வீட்டிலிருந்து. போனால், சுவரளவு டிவியில் நித்யாவும் சங்கரன் சாரும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணப் பெண் ரிமோட்டால் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். இந்த டோலக், இந்த ஹாரன், இந்த ஓட்டம். எங்களுக்கும் இதே மாதிரி ஒரிஜினலாக வேண்டும், ஒரு ஸ்டெப்கூட மாறக்கூடாது என்றாள். கேப் லெஹங்கா கலரில் டிசைனரிடம் சொல்லியாகிவிட்டதாம். கொண்டை கலையாமல் மாட்டுவதற்குப் பார்லரிலும் பேசியாகிவிட்டதாம். சங்கரன் சார் மறந்துபோய் நிற்கிற இடம் வந்தது. அந்த டாடி இங்கே நிற்கிறாரே, எத்தனை கவுண்ட் என்று அதையும் எண்ணிவைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஹைலைட் என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அது அவர்கள் வீட்டில் நடந்ததம்மா, அந்த அப்பா நிஜமாகவே ஓடினவர், உன் அப்பா உனக்கு என்ன செய்வார், அதைச் சொல், அதிலிருந்து உனக்கென்று ஒன்று பண்ணுகிறேன் என்றேன். சோபா ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா தலையை நிமிர்த்தினார். கெட்ட மனுஷன் இல்லை. உண்மையாகவே யோசித்தார். மகளைப் பார்த்தார், அவளும் அவரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அந்தப் பெண்தான் அவசரமாக, அவருக்குப் பரிந்துகொண்டு பேசினாள்.

"டாடி அந்த மாதிரி ஓடினதில்ல மேடம், நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே ஆபீஸ் போயிடுவார், டிரைவர்தான் ஸ்கூல்ல விடுவார். அதுக்கென்ன, நீங்க சொல்லிக்குடுத்தா டாடி கத்துப்பார்."

வேண்டாத வேலையாகப் புதுசாக ஒரு டான்ஸ் பண்ணப்போய், இப்போது டில்லியில் இருக்கிற அப்பாக்களுக்கெல்லாம், பெண்ணுக்குக் குளிருமே என்று கவலைப்படுவதற்கு ஒன், டூ, த்ரீ, ஃபோர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.